ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியாச்சு. ஓட்டக் கற்க எங்கே போவது?

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நம்மவர்கள் பலர் இப்போது ஷெவர்லே கார்வெட், போர்ஷே கேமன், பிஎம்டபிள்யூ எம்2 என்று வாங்குகிறார்கள். முதல் மாதம் 280 ஃப்ரீவேயில் ஒரு ஓட்டம், ஞாயிறு காலையில் ஸ்கைலைன் மலைச்சாலை, வாட்சாப் குழுவில் நாலு படம். அதோடு சரி. 495 குதிரைத்திறன் உள்ள வண்டியை 65 மைல் வரம்புள்ள சாலையில் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் டிக்கெட் வீடு தேடி வரும். பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது: இந்த வண்டியை ஒழுங்காக ஓட்டக் கற்றுத்தரும் இடம் எது, எங்கே பணம் கட்டலாம்?

வழிகள் பல இருக்கின்றன. கார் கம்பெனிகளே நடத்தும் பள்ளிகள். போர்ஷேயின் எக்ஸ்பீரியன்ஸ் சென்டர் மாதிரி ஒன்றரை மணி நேரப் பயிற்சி. கிளப்புகள் ரேஸ் ட்ராக்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் ட்ராக் டே; இங்கே இதை எச்பிடிஇ என்பார்கள். பார்க்கிங் லாட்டில் கோன் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ். கடைசியாக, பந்தயக்காரர்களைத் தயாரிக்கும் ரேசிங் ஸ்கூல். இவற்றை ஒப்பிடும்போது பலரும் எந்த ட்ராக், எவ்வளவு வேகம், எத்தனை சுற்று என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு விஷயத்தைப் பார்த்தால் போதும். நீங்கள் ஓட்டப்போவது யாருடைய கார்? சொல்லிக்கொடுப்பவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மீதி தானாக விளங்கிவிடும்.

யாருடைய கார் என்பதிலிருந்து தொடங்கலாம், பணம் போகும் இடம் அதுதான்.

சொந்தக் காரை ட்ராக்குக்குக் கொண்டுபோனால் முதலில் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும். பந்தயம், வேகப்போட்டி ஆகியவற்றில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று சில பாலிசிகள் சொல்லும். பந்தயத்துக்காகக் கட்டிய எந்த இடத்தில் எது நடந்தாலும் கிடையாது என்று வேறு சில ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடும். 'இது பந்தயம் இல்லை, பயிற்சி' என்ற வாதம் முதல் வகையில் ஒருவேளை எடுபடலாம், இரண்டாம் வகையில் எடுபடாது. ட்ராக் நாளுக்கென்றே ஹாகர்ட்டி, லாக்டன் போன்றவர்கள் தனி பாலிசி விற்கிறார்கள். காரின் மதிப்பை நீங்களே குறித்துக் கொடுத்து, அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் எடுக்கலாம். விலை உயர்ந்த காருக்கு அது சில நூறு டாலர் ஆகிவிடும். அதிலும் மதிப்பில் ஒரு பங்கை நீங்கள்தான் ஏற்க வேண்டும். எஞ்சின் பழுதானால் அது அவர்கள் கணக்கில் வராது. சில ட்ராக்குகளில் நீங்கள் இடித்து உடைத்த தடுப்புக்கும் தனியாக பில் வரும்.

அடுத்தது பிரேக். ஆள் உட்கார்ந்த கார் 1,600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில் வந்து, வளைவுக்கு முன் 80-க்குக் குறைக்கிறீர்கள். மூன்று விநாடி வேலை. அந்த மூன்று விநாடியில் பிரேக்கில் இறங்கும் வெப்பம், ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு சுற்றில் இப்படி ஐந்தாறு தடவை, விடாமல் இருபது நிமிடம். ஊர்ச்சாலையில் பத்து வருடம் ஓட்டினாலும் பிரேக்குக்கு இந்தச் சோதனை வராது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. அதனால்தான் கடந்த ஆறு மாதத்துக்குள் பிரேக் ஆயில் மாற்றியிருக்கிறதா என்று பல கிளப்புகள் படிவத்தில் கேட்கின்றன.

ஆக, பதிவுக் கட்டணம் 400 டாலர் என்று பார்த்துவிட்டு கிளப் நாள்தான் மலிவு என்று முடிவுகட்டக் கூடாது. இன்ஷூரன்ஸ், பிரேக் ஆயில், ட்ராக்குக்கு ஏற்ற பிரேக் பேட், டயர் தேய்மானம், முதல் நாள் இரவு ஓட்டல், ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் முதல் நாளே ஆயிரத்தைத் தாண்டும். ஹெல்மெட் என்றதும் வீட்டில் கிடக்கும் பைக் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை உள்ளதைத்தான் பெரும்பாலான கிளப்புகள் கேட்கும். தீப்பிடிக்காமல் தாங்குமா என்ற சோதனை அந்த முத்திரைக்கு உண்டு, பைக்குக்கான எம் முத்திரைக்குக் கிடையாது.

பள்ளிக்குப் போனால் இந்தக் கவலைகளில் பாதிக்கு மேல் இல்லை. காரும் டயரும் பிரேக்கும் அவர்களுடையவை. ஹெல்மெட்டும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். நீங்கள் இரண்டு சட்டையும் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவும் எடுத்துக்கொண்டு போனால் போதும். ஒன்று மட்டும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: கார் இடிபட்டால் என் பொறுப்பு எவ்வளவு? சில பள்ளிகளில் குறிப்பிட்ட தொகை வரை நீங்கள் கட்ட வேண்டும். முன்கூட்டியே கொஞ்சம் பணம் கட்டினால் அந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளவும் சில இடங்களில் வழி உண்டு.

கம்பெனி பள்ளிகளில் கார்வெட்காரர்களுக்கு அடித்தது யோகம். லாஸ் வேகஸிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், நெவாடா பாலைவனத்தில் பாரம்ப் என்ற சிற்றூர். அங்கே ஸ்பிரிங் மவுண்டன் வளாகத்தில் ரான் ஃபெலோஸ் பெயரில் நடக்கிறது கார்வெட்டின் அதிகாரபூர்வப் பள்ளி. ஃபெலோஸ் கனடாக்காரர், கார்வெட்டில் 2001-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை மொத்தமாகவே வென்ற அணியில் ஒருவர். புதுக் கார்வெட் வாங்கியவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பின் கட்டணத்தில் பெரும்பகுதியை ஷெவர்லே ஏற்றுக்கொள்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, கார் வாங்கி ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். 'கொஞ்சம் ஓட்டிப் பழகிவிட்டு அப்புறம் போகலாம்' என்று தள்ளிப்போட்டுச் சலுகையைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. பழகிய பிறகு போவதில் லாபம் எதுவும் இல்லை, அங்கே முதல் பாடமே சீட்டில் எப்படி உட்காருவது என்பதுதான். காடிலாக் பிளாக்விங் வாங்கியவர்களுக்கும் அதே வளாகத்தில் தனி வகுப்பு நடக்கிறது.

பிஎம்டபிள்யூவுக்குத் தெற்கே பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் தெர்மலில் ஒரு மையம் இருக்கிறது, கிழக்கே தென் கரோலினாவில் அவர்களுடைய தொழிற்சாலைக்கு எதிரில் இன்னொன்று. எம் என்பது பிஎம்டபிள்யூவின் வேகக் கார் வரிசை; அதன் பெயரில் ஒரு நாள், இரண்டு நாள் எம் ஸ்கூல்கள் நடக்கின்றன. எம் கார் வாங்கும்போது அந்த வருடம் வகுப்பு ஏதாவது சேர்த்துத் தருகிறார்களா என்று டீலரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவராகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். போர்ஷே ட்ராக் வகுப்புகளை அலபாமாவில் பர்மிங்ஹாம் அருகே பார்பர் ட்ராக்கில் நடத்துகிறது. ட்ராக் அருமையானது, 2.38 மைல், பசுமையான மலைச்சரிவு. ஆனால் இங்கிருந்து விமானம் ஏறிப் போக வேண்டும்.

கம்பெனி பள்ளியில் ஒரு குறை உண்டு, அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ட்ராக்கில் ஓடும் நேரத்தில் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இன்ஸ்ட்ரக்டர் முன்னால் ஒரு காரில் போவார், பின்னால் இரண்டு மூன்று பேர் வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையாகத் தொடர வேண்டும், ரேடியோவில் குரல் வரும். முன்னே போகிறவரின் தடத்தைப் பிடித்தே போவதால் சரியான கோடு எது என்பது சீக்கிரம் மனதில் பதிந்துவிடும். இது பெரிய நன்மைதான். ஆனால் உங்கள் கால் பிரேக்கில் என்ன செய்கிறது, கண் எங்கே பார்க்கிறது, கை ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் முன்னே போகிறவரின் கண்ணாடியில் தெரியாது. கூடவே, வரிசையில் உள்ள ஒருவர் மெதுவாக ஓட்டினால் எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும்.

இங்கேதான் போர்ஷே எக்ஸ்பீரியன்ஸ் சென்டர் வேறுபடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் கார்சன் என்ற இடத்தில், 405 ஃப்ரீவேயை ஒட்டியே இருக்கிறது, 2016-இல் திறந்தார்கள். 90 நிமிடம், அவர்கள் கார், பயிற்சியாளர் உங்கள் பக்கத்து சீட்டில். போர்ஷே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இங்கே நான் காசு கொடுத்து அனுபவிக்கச் சொல்வது சுற்றுப்பாதையை அல்ல, கிக் பிளேட்டை. தரையில் பதித்த ஒரு இரும்புத் தகடு, அதற்கு அப்பால் தண்ணீர் தெளித்து வழுவழுப்பாக்கிய தளம். மிதமான வேகத்தில்தான் அதன்மேல் ஏறுவீர்கள். பின்சக்கரம் தகட்டைத் தொட்டதும் அது இடமோ வலமோ சட்டென்று வெட்டி இழுக்கும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. கார் பம்பரமாகச் சுழலும். முதல் தடவை கை உறைந்துபோய்விடும். இரண்டாம் தடவை ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவீர்கள், ஆனால் நேராகியதும் திரும்பக் கொண்டுவரத் தாமதமாகும், கார் மறுபக்கம் சுழலும். பயிற்சியாளர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: போக வேண்டிய இடத்தைப் பார். பார்வை அங்கே போனால் கையும் பின்னாலேயே போகும் என்பதை உடம்பு ஒப்புக்கொள்ள ஐந்தாறு தடவை பிடிக்கும். மழை நாளில் 101-இல் பின்பக்கம் வழுக்கினால் உதவப்போவது இந்த ஐந்தாறு தடவைதான். கார்வெட் வைத்திருப்பவருக்கும் இதையேதான் சொல்வேன்.

குறை என்னவென்றால், 90 நிமிடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் கிடைக்கும். ருசி கண்டதும் நேரம் முடிந்துவிடும்.

கிளப் நாட்களுக்கு வருவோம். இங்கே நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் பலர் வந்து சேருவது இங்கேதான்.

பே ஏரியாவைச் சுற்றி ட்ராக்குக்குப் பஞ்சமில்லை. தெற்கே மான்ட்டரே பக்கம் லகுனா செகா, வடக்கே சோனோமா, இன்னும் வடக்கே வில்லோஸ் ஊரில் தண்டர்ஹில். போர்ஷே கிளப், பிஎம்டபிள்யூ கிளப்பின் கோல்டன் கேட் கிளை, நாசா (ராக்கெட் விடுகிற நாசா இல்லை, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்) ஆகியவை இவற்றில் நாள் பிடித்து நடத்துகின்றன. பிஎம்டபிள்யூ கிளப் நாட்களில் மற்ற கார்களையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

நாளின் போக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியும் முன் போய்ச் சேர்ந்து, தரைவிரிப்பு முதல் டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டில் வரை காரிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பிரேக் விளக்கு எரிகிறதா, சக்கர நட்டுகள் சரியாக முறுக்கியிருக்கின்றனவா, பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்று ஒருவர் பார்ப்பார். பிறகு எல்லோருக்கும் கூட்டம். கொடி நிறங்களை அங்கே கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ ஆபத்து, முந்தாதே. கறுப்பைக் காட்டினால் பிட்டுக்கு, அதாவது ட்ராக்கை ஒட்டிக் கார்கள் வந்து நிற்கும் இடத்துக்கு வா. சிவப்பு என்றால் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாக நிறுத்து. கற்றவர், புதியவர் என்று குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 20, 25 நிமிடமாக நாளைக்கு நாலு முறை ஓட்ட விடுவார்கள். புதியவர் குழுவில், முன்னே போகிறவர் கையை வெளியே நீட்டி 'இந்தப் பக்கம் வா' என்று காட்டினால்தான் முந்தலாம், அதுவும் நேர்ச்சாலையில் மட்டும். நம்மூர் லாரிக்காரர் கை காட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

முக்கியமான விஷயம், முதல் நாளில் இன்ஸ்ட்ரக்டர் உங்கள் காரிலேயே, பக்கத்து சீட்டில் உட்காருவார். நாசாவின் எச்பிடிஇ 1 என்ற முதல் நிலையில் இப்படித்தான். போர்ஷே, பிஎம்டபிள்யூ கிளப்புகளிலும் இதுதான் பழக்கம். அவர் சம்பளக்காரர் இல்லை. பெரும்பாலும் வார நாட்களில் உங்களைப் போலவே எங்கோ வேலை பார்ப்பவர். சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக அவருக்கு ஓட்ட நேரம் கிடைக்கும். அதனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். அபாரமாகச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள், பயந்துபோய் 'ஸ்லோ, ஸ்லோ' என்று மட்டும் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் பணிவாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பக்கத்து சீட்டின் மதிப்பு லகுனா செகாவின் கார்க்ஸ்க்ரூ வளைவில் தெரியும். மேட்டில் ஏறி வருகிறீர்கள். உச்சியில் சாலை முடிந்துபோன மாதிரி இருக்கும், எதிரே வானம் மட்டும். ஏறும்போதே பிரேக் பிடிக்க வேண்டும், வளைவைக் கண்ணால் பார்க்கும் முன்பே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பியதும் தரை காலடியிலிருந்து நழுவுவது போல ஐந்து மாடி உயரத்துக்கு இறங்கும். உடனே வலப்பக்கம். புதிதாக வருபவர் எல்லோரும் செய்வது என்ன? பானெட்டுக்கு முன்னால் தெரியும் தார்ச்சாலையையே வெறித்துப் பார்ப்பது. முன்னே போகும் கார் மறைந்ததும் கை குழம்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஹெட்செட்டில் 'கண்ணைத் தூக்கு, தூரத்து மரத்தைப் பார், இப்போ திருப்பு' என்று அந்தந்த நொடியில் சொல்வார். மூன்றாம் சுற்றில் அவர் சொல்லும் முன்பே தலை தானாகத் திரும்பியிருக்கும். ரேடியோவில் முன்கார்க்காரர் இதைச் சொன்னால், அவர் இறங்கி முடித்திருப்பார், நீங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கவனிக்க இன்னும் இரண்டு. லகுனா செகாவில் சத்த வரம்பு உண்டு. பெரும்பாலான நாட்களில் 90, 92 டெசிபல் அளவில்தான் அனுமதிப்பார்கள். எக்ஸாஸ்டை மாற்றி வைத்திருந்தால் கறுப்புக் கொடி காட்டி வெளியே அழைத்துவிடுவார்கள், கட்டிய பணம் அவ்வளவுதான். புதிதாகப் போகிறவருக்கு தண்டர்ஹில் நல்லது என்பது என் அபிப்பிராயம். சத்தத் தொல்லை குறைவு, கட்டணமும் குறைவு, தடம் விட்டு இறங்கினால் மோதுவதற்குச் சுவர் பக்கத்தில் இல்லாத இடங்கள் அதிகம். இரண்டாவது, திறந்த கூரைக் கார். மாஸ்டா மியாட்டா மாதிரி கன்வர்ட்டிபிளுக்கு ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளைவு) வேண்டும் என்று பல கிளப்புகள் கேட்கும். ரோல் பாரிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு துடைப்பக் குச்சியை வைத்துப் பார்ப்பார்கள், உங்கள் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். காருக்குக் காரும் கிளப்புக்குக் கிளப்பும் விதி மாறும், பதிவு செய்யும் முன் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

டெஸ்லா மாடல் 3 பெர்ஃபாமன்ஸ் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், சேர்த்துக்கொள்ளும் கிளப்புகள் இருக்கின்றன, 2018 முதல் ட்ராக் மோடும் இருக்கிறது. ஆனால் கனமான வண்டி, பிரேக்கும் டயரும் பாடாய்ப் படும். நாலு முறை ஓட்டிவிட்டு வீடு திரும்ப சார்ஜ் எங்கே ஏற்றுவது என்பதையும் கிளம்பும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் ட்ராக் நைட் என்ற மாலை நேர நிகழ்ச்சியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்து போய் 20 நிமிடமாக மூன்று முறை ஓட்டலாம், உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் குறைவு. ஆனால் காருக்குள் இன்ஸ்ட்ரக்டர் கிடையாது, வெளியே நின்று ஆலோசனை சொல்வார்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு கிளப் நாள் போனவருக்கு நல்ல சரக்கு. முதல் அனுபவமாக அதைப் பரிந்துரைக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி ஆட்டோகிராஸ். பெரிய பார்க்கிங் லாட், ஆரஞ்சு கோன்கள், ஒரு நிமிடத் தடம், பெரும்பாலும் இரண்டாம் கியர். ஒவ்வொருவராக ஓட வேண்டும், இடித்த கோன் ஒன்றுக்கு இரண்டு விநாடி தண்டம். நாளைக்கு ஐந்தாறு ஓட்டம், மொத்தமாகப் பார்த்தால் ஆறு நிமிடம். மீதி நேரத்தில் பாதி வெயிலில் நின்று மற்றவர்கள் சாய்த்த கோனைத் தூக்கி வைக்க வேண்டும், அதுவும் உங்கள் கடமைதான். கிளப் நாளில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓட்டக் கிடைக்கும்போது ஆறு நிமிடத்துக்காக ஏன் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் கட்டணம் பெரும்பாலும் நூறு டாலருக்குள். மோதினால் கோன்தான், ஒரு கீறலைத் தேய்த்தால் போய்விடும். இதையெல்லாம்விட, காரின் பிடி எங்கே விடுகிறது என்பதை 40 மைல் வேகத்தில் தெரிந்துகொள்ளலாம். ட்ராக்கில் அதே பாடம் 100 மைலில் நடக்கும். ஆறு நிமிடம் போதவில்லை என்பவர்களுக்காக, கிளப்புகள் அவ்வப்போது ஆட்டோகிராஸ் பள்ளி நடத்துகின்றன. அதில் இன்ஸ்ட்ரக்டரோடு அதே தடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். விலைக்கு மிஞ்சிய பாடம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

வீட்டில் லைசென்ஸ் எடுக்கும் வயதில் பிள்ளை இருந்தால், பிஎம்டபிள்யூ கிளப்பின் அறக்கட்டளை நடத்தும் ஸ்ட்ரீட் சர்வைவல் என்ற ஒரு நாள் வகுப்பு இருக்கிறது. 15 முதல் 21 வயது வரை, அவர்கள் தினமும் ஓட்டும் காரிலேயே. ஹோண்டா ஒடிசி மினிவேனில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் ட்ராக் செலவுக்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டுமானால் முதலில் பிள்ளையை இதற்கு அனுப்பிவிடுங்கள். பேச்சுவார்த்தை சுலபமாகும்.

ரேசிங் ஸ்கூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1975-இல் தொடங்கிய ஸ்கிப் பார்பர், 1968-இல் பாப் பாண்டுரன்ட் தொடங்கி, பின்னர் ராட்ஃபோர்ட் என்று பெயர் மாறிய அரிசோனாப் பள்ளி ஆகியவை பேர்பெற்றவை. மூன்று நாள் வகுப்பு முடித்தால் பந்தய லைசென்ஸுக்கு வழி பிறக்கும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1992-இல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போனவர்தான். அங்கிருந்து 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் வரை போனார். அந்த மாதிரி வெறி உள்ளவர்களுக்கு இது. வாரக்கடைசியில் சொந்த கேமனை நன்றாக ஓட்டினால் போதும் என்பவருக்கு, அங்கே கற்கும் ஸ்டார்ட் எடுக்கும் நுட்பமும் பந்தயத்தில் முந்தும் நுட்பமும் எதற்கும் ஆகாது. சிமுலேட்டர் வைத்திருந்தால் போவதற்கு முன் ட்ராக்கின் வளைவுகளை மனப்பாடம் செய்துகொள்ளலாம், அந்த அளவுக்கு உபயோகம்.

சரி, எதை எடுப்பது? புதுக் கார்வெட் என்றால் யோசனையே வேண்டாம், பாரம்ப் பள்ளிக்குத் தேதி குறித்துவிடுங்கள். சலுகை விலையில் இரண்டு நாள் அவர்கள் டயரைத் தேய்ப்பதை விட்டுவிட்டு சொந்த டயரைத் தேய்ப்பானேன். அதன்பின் ஒரு கிளப் நாள், பக்கத்து சீட்டில் ஆளோடு. புது எம் காருக்கு 1,200 மைலில் ஒரு கட்டாய சர்வீஸ் உண்டு, அதுவரை முழு வேகம் கூடாது. அந்த இடைவெளியில் கார்சன் போய் கிக் பிளேட்டில் சுழன்றுவிட்டு வரலாம். பழைய கேமன், பழைய எம்3 மாதிரி கார் வைத்திருப்பவருக்குக் கம்பெனி சலுகை எதுவும் இல்லை. முழு விலை கொடுத்து இரண்டு நாள் பள்ளி போகும் பணத்தில் ஒரு ஆட்டோகிராஸ் பள்ளி, பிரேக் வேலை, தண்டர்ஹில்லில் இரண்டு மூன்று கிளப் நாள் எல்லாம் முடித்துவிடலாம். அவருக்கு அதுதான் சரி. கார் போனால் தாங்க முடியாது என்ற நிலையில் இருப்பவர் சொந்தக் காரை ட்ராக்குக்கு எடுத்துப் போகவே வேண்டாம், ட்ராக் நாளுக்கு வாடகைக்குக் கிடைக்கும் மியாட்டாவை எடுத்துக்கொள்ளட்டும். புதியதில்கூட 181 குதிரைத்திறன்தான், ஆனால் வளைவில் செய்த தப்பை நேர்ச்சாலையில் மிதித்து ஈடுகட்ட முடியாது. அதனால் ஓட்டம் சீக்கிரம் திருந்தும்.

தேதி பார்க்கும்போது வெயிலையும் பாருங்கள். பாரம்ப்பும் தெர்மலும் பாலைவனம், ஜூலையில் 40 டிகிரிக்கு மேல் போகும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தாங்காது. அவற்றுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தண்டர்ஹில்லும் கோடையில் கொதிக்கும், வசந்தத்திலும் அக்டோபரிலும் போகலாம். லகுனா செகாவில் கடல் காற்று இருப்பதால் கோடையிலும் பிரச்சினை இல்லை, காலைப் பனிமூட்டத்தால் முதல் ஓட்டம் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். கிளப் நாட்களுக்கு மோட்டார்ஸ்போர்ட்ரெஜ் (MotorsportReg) இணையதளத்தில் பதிவு திறக்கும். புதியவர் குழுவில் இன்ஸ்ட்ரக்டர் எண்ணிக்கைக்குத்தான் இடம் என்பதால் அதுதான் முதலில் நிரம்பும். பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.